மொழிபெயர்ப்பில் செத்த பறவை

அம்பகரத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் மதியம் படம் காட்டப் போகிறார்கள் என்றதும் தெருவே திரண்டு போனது. சினிமா இல்லை, ஏதோ குருவியைப் பற்றிய பிரெஞ்சுப் படம் என்று தலைமையாசிரியர் சோமசேகரன் படித்துப் படித்துச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையில் எது அசைந்தாலும் அவர்களுக்குப் படம்தான்.

அதைத் தமிழில் சொல்லத் தெட்சிணாமூர்த்தியை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. காரைக்காலில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். அந்த விஷயத்தில் கொஞ்சம் கர்வம் பிடித்த மனிதர்.

கர்வமெல்லாம் முன்பு. புயல் அடித்து ஒன்றரை வருஷமாகிறது. அன்றிரவு கொட்டகையில் மாட்டை அவிழ்த்துவிடப் போன மகன் பாலகுரு, விடிந்தபோது வாய்க்கால் மூங்கிலில் சிக்கிக் கிடந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது. காயம் என்று ஒன்றுமில்லை. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் டாக்டர் வர வழியில்லை. எரிப்பதுதான் அவர்கள் வழக்கம். காய்ந்த விறகு தேடி ஊர் ஊராக அலைந்தும் ஒரு குச்சி கிடைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடலாம் என்று முடிவு சொன்னவர் தெட்சிணாமூர்த்திதான்.

அன்றைக்கு மரத்துப்போன மனசு பிறகு திரும்பவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், நல்லது கெட்டதுக்குத் தலைகாட்டினார். எதுவும் உறைக்கவில்லை. மனைவி பங்கஜவல்லியும் அப்படித்தான். வீட்டில் சாதம் போடவா, போதும் என்பதற்கு மேல் பேச்சில்லை.

வகுப்பறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, படத்தை ஓடவிட்டார்கள்.

"தென் அமெரிக்காவுல ரொம்ப ஒசரமான மலை. மரம் கெடையாது, புல்லுதான். அங்க இருக்கற குருவி. கொலிப்ரின்னு பேரு. நம்மூரு தேன்சிட்டு மாதிரி பூவுல தேன் குடிக்கும்," என்றார் தெட்சிணாமூர்த்தி.

"அவ்வளவு ஒசரத்துல புல்லு மொளைக்குமாங்க?" என்று கேட்டார் முன்னால் உட்கார்ந்திருந்த முத்தையன். விவசாயி கவலை விவசாயிக்கு.

"மொளைக்குதே. பாருங்க."

படத்தில் இரவு வந்தது. ஒரு பாறைப் பொந்தில் அந்தக் குருவி ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ விரலால் தொட்டார்கள். அசையவில்லை. பிரெஞ்சுக் குரல் நிதானமாகச் சொன்னது: செத்ததுபோல் தெரிகிறது, சாகவில்லை. குளிரைத் தாங்குவதற்காகத் தன் உடம்பைத் தானே சில்லிடவிட்டிருக்கிறது. நெஞ்சுத் துடிப்பு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. வெயில் பட்டால் எழுந்துவிடும்.

தெட்சிணாமூர்த்தி திரும்பிப் பார்த்தார். பின்னால் பெண்கள் பக்கத்தில் பங்கஜவல்லி உட்கார்ந்திருக்கிறாள். இதைக் கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? சில்லிட்ட உடம்பு, காயமில்லை, நாடி பார்க்க டாக்டர் இல்லை. உயிரோடு இருந்தவனையா மண்ணில் வைத்தோம்? அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவள் எஞ்சிய காலத்தை எப்படிக் கழிப்பாள்?

"செத்துப்போச்சு. குளிரு தாங்கல," என்றார்.

திரையில் விடிந்தது. பொந்துக்குள் வெயில் இறங்கியது. குருவியின் உடம்பு நடுங்கியது, சிறகு விரிந்தது, விர்ரென்று பறந்துபோனது.

"செத்ததுன்னீங்களே?" என்றார் முத்தையன்.

"இது வேற குருவி."

படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று முத்தையன் விட்டுவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது எப்போதும் நாலடி பின்னால் வருகிற பங்கஜவல்லி, வாய்க்கால் மதகை நெருங்கியதும் எட்டி நடந்து பக்கத்தில் வந்தாள்.

"அது அதே குருவிதாங்க. அந்தப் பொந்துல வேற குருவியே இல்ல."

அவர் நடையைத் தளர்த்தினார்.

"எனக்காகத்தான மாத்திச் சொன்னீங்க?"

"ஆமா."

"நீங்க வெறகு தேடிப் போனீங்கள்ல, அப்ப மேகம் கலைஞ்சு வெயில் வந்துச்சு. உசுரு போன ஒடம்ப வெயில்ல போடக்கூடாதுன்னு எல்லாரும் கத்துனாங்க. நான் கேக்கல. புள்ளைய வாசலுக்கு இழுத்துட்டுப் போயி வெயில்ல போட்டேன். உள்ளங்கால தேச்சேன். நெஞ்சுல காத வச்சுக் கேட்டேன். நீங்க வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் கெடந்தேன். கை, காலெல்லாம் வெறச்சுப்போச்சுங்க, உசுரு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறந்தான் நீங்க சொன்னதுக்குச் சரின்னேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

தெட்சிணாமூர்த்தி மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு வரக்கூடாது என்று பயந்த கேள்வி, இத்தனை நாளும் அவருக்குள்ளேயே இருந்த கேள்விதான் என்பது அப்போதுதான் புரிந்தது. படம் பார்த்துத் திரும்பிய ஜனங்கள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்ப்பார்களே என்றுகூடத் தோன்றாமல், மகன் போனபிறகு முதல் தடவையாக அழுதார். பங்கஜவல்லிக்கு அழுகை வரவில்லை. அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.