சனிக்கிழமை நிழல்

கீ... கீ... கீ... என்று இன்வெர்ட்டர் அலறியது. அடுத்த நொடி மூன்று ஹேர் டிரையர்களும் மூச்சை நிறுத்தின. தலை நிறையச் சுருள் மாட்டி அவற்றின் கீழே உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் வில்மரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது மூணாவது சனிக்கிழமை, வில்மர்," என்றாள் கடைக்காரி சுனில்தா. "தெருவுல கரண்ட் போனாலும் என் கடை ஓடும்னு சொல்லித்தானே கூரையில அந்த சோலார் கண்ணாடியெல்லாம் ஏத்தினே? அடுத்த வாரமும் நின்னுச்சுன்னா கழட்டிட்டுப் போயிடு."

"சூரியனோட ஏதாவது தகராறா இருக்கும்," என்றாள் சுருள்காரிகளில் ஒருத்தி.

வில்மருக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொந்தமாக எடுத்த முதல் வேலை இது. சாந்தியாகோவில் அழகு நிலையத்துப் பேச்சு சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். கழற்றிவிட்டால், அந்தப் பேட்டையில் வேறு யாரும் அவனைக் கூரை ஏறவிட மாட்டார்கள்.

மேலே போய்ப் பார்த்தான். எட்டு சோலார் பலகைகள். முன்வரிசை நான்கும் ஒயரால் கோத்த ஒரு சங்கிலி, பின்வரிசை நான்கும் இன்னொன்று. இதுவரை காலையில் மட்டுமே வந்து பார்த்ததில் தெரியாதது இப்போது தெரிந்தது. மேற்கே பக்கத்து மொட்டை மாடிக் கொடியில் ஏகப்பட்ட துணி. வெயிலுக்கு எதிரே கரிய சதுரங்களாக ஆடிய அவற்றின் நிழல், ஒவ்வொரு வரிசையிலும் மேற்கோரத்து இரண்டு பலகைகளின் மேல் விழுந்தது. ஒரு பலகை சோர்ந்தால் சங்கிலியே சோரும். இங்கே இரண்டு சங்கிலியும் படுத்துவிட்டன.

பக்கத்து வீட்டுக்கு ஓடினான். வாரத்தில் குழாயில் தண்ணீர் வரும் ஒரே நாள் அது. உள்படியில் ஒரு வரிசை, வெளிப்படியில் ஒரு வரிசை என்று ஆட்கள் மாடித் தொட்டிக்கு வாளியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். துணி துவைத்துக் கொடுக்கும் நெரேய்தா அதட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கொடியை வேற பக்கம் கட்டக்கூடாதா?"

"வேற பக்கம் வெயில் எங்க இருக்கு? தண்ணி வர்ற அன்னிக்குத்தான் துவைக்க முடியும். துவைச்சதை ஐஸ்பெட்டியிலயா காயப்போடுவேன்? வந்ததுதான் வந்தே, வாளியைப் பிடி தம்பி."

பிடித்தான். வரிசை நகரவில்லை. உள்படியில் முட்டிவலிக்கார எலிஹியோ ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். வெளிப்படியிலோ இடுப்பில் குழந்தையோடு மார்லெனி திணறினாள்.

"எலிஹியோ, நீ வெளிப்படிக்குப் போ. மார்லெனியும் நீயும் பேசிக்கிட்டே மெதுவா குடுங்க. கையும் காலும் ஓடுறவங்க மட்டும் உள்ள வாங்க," என்றாள் நெரேய்தா.

சற்று நேரத்தில் உள்படியில் வாளிகள் பறந்தன. வெளிப்படியில் ஊர்வம்பு நடந்தது, கூடவே கொஞ்சம் தண்ணீரும் ஏறியது. வில்மர் வாளியும் கையுமாக அப்படியே நின்றான்.

"என்ன தம்பி, நீயும் வெளிப்படிக்குப் போறியா?"

திங்கட்கிழமை வெயில் ஏறுமுன் ஒயர்களை மாற்றினான். ஒரு பலகையையும் நகர்த்தவில்லை. நிழல் படும் நான்கும் ஒரு சங்கிலி, படாத நான்கும் ஒரு சங்கிலி. இன்வெர்ட்டரில் இரண்டுக்கும் ஒயர் நுழையத் தனித்தனி வாய்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு நிழல் வந்து உட்கார்ந்தது. இன்வெர்ட்டர் அலறவில்லை. இரண்டு டிரையர்கள் நிற்காமல் ஓடின. மூன்றாவதை, துணி காய்ந்து எடுக்கும் நாலு மணி வரை போடவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தான்.

"கழட்ட வேண்டாம். ஆனா மூணாவது ஏன் ஓடலைன்னு நான் பார்க்கணும்," என்று சுனில்தா குதிகால் செருப்போடு முதல்முறையாகக் கூரை ஏறினாள். நிழலைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள்.

"நெரேய்தாக்கா, யார் துணி அதெல்லாம்? எடுங்க. என் கடைக்கு வர்ற வெயில் அது."

பக்கத்து மாடியில் நெரேய்தா துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"எடுத்துடறேன் சுனில்தா. உன் கடைப்பொண்ணு காலையில துவைக்கக் கொண்டாந்து போட்ட துண்டுங்கதான். ஈரமாவே உன் கடைக்கு வர்றவங்க தலையில கட்டிவிடு."