ஓரத்தில் தைத்த வாஷர்கள்

"எப்படிம்மா இருந்துச்சு, தண்ணிக்குள்ள?" என்று மகள் கேட்டபோது தையலக்காவின் வாய் நிறைய குண்டூசி. பதில் சொல்லாமல் தப்பிக்க அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? "ம்ம்" என்றாள்.

"ம்ம்னா? நல்லா இருந்துச்சா, மூச்சு முட்டுச்சா? ஞாயித்துக்கிழமை நான் முங்கணும். முங்கி எழுந்தவங்ககிட்டதானே கேக்க முடியும்?"

மகள் நாற்காலி மேல் நின்றாள். உடம்பில் வெள்ளை ஞானஸ்நான உடுப்பு. அந்தச் சபையில் தொட்டிக்குள் முழுக்க முங்கி எழுகிற எல்லாருக்கும், முக்கி எடுக்கிற போதகருக்கும் உடுப்பு தைப்பவள் தையலக்காதான். மற்ற துணியைப் போல அதைத் தைத்துவிட முடியாது. தண்ணீரில் இறங்கினதும் காற்று புகுந்து குடை மாதிரி மேலே கிளம்பும், மானம் போகும். அதனால் கீழ் ஓரத்தை மடித்து, உள்ளே கனத்துக்காகப் பித்தளை வாஷர்களை வைத்துத் தைப்பாள். வாஷரெல்லாம் பிளம்பரான அவள் புருஷனின் பையிலிருந்துதான். "என் பையில வாஷர் குறைஞ்சா யாரோ இரட்சிக்கப்பட்டாங்கன்னு அர்த்தம்" என்பார் அவர்.

தையலக்கா வாயிலிருந்த ஊசிகளை எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். கடைசி ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

"நான் முங்கினதே இல்லடி."

"போம்மா, விளையாடாத."

"சத்தியமா."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ!"

"சரி, பண்ணல. ஆனா நிஜம். கல்யாணமாகி இங்க வந்தப்ப, பழைய சபையிலயே முடிச்சிட்டு வந்திருப்பேன்னு இங்க நினைச்சாங்க. புதுச் சபையில எடுத்துப்பேன்னு அங்க நினைச்சாங்க. யாரும் கேக்கல. நானும் வாயைத் திறக்கல."

"அப்பாகூடவா கேக்கல?"

"உங்கப்பா குழாயைத் தவிர வேற எதையும் சந்தேகப்பட்டதில்ல."

சின்ன வயதில் தையலக்காவின் அக்கா விளையாட்டாக அவள் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்திப் பிடித்தாள். அக்காவுக்கு அது அன்றைக்கே மறந்துபோன விளையாட்டு. இவள் பிடரியைவிட்டு மட்டும் அந்தக் கை இன்னும் போகவில்லை. இன்றைக்கும் தலைக்குக் குளித்தால், குழாயடியில் குனிந்து, கண்ணை இறுக மூடி, அவசர அவசரமாக முடித்துவிடுவாள்.

மகள் நாற்காலியைவிட்டு இறங்கினாள். "ஏன்ம்மா, விடிஞ்சா ஜெபம், பொழுதுபோனா ஜெபம். அவர் மேல நம்பிக்கை இருந்தா எப்படிப் பயம் வரும்?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் தையலக்காவின் நெஞ்சுக்குள் வருஷக்கணக்காக முள்ளாகக் கிடந்த கேள்வியே அதுதான். நான் விசுவாசிதானா? இல்லை, விசுவாசிகளுக்குத் துணி தைக்கிறவள் மட்டும்தானா?

மறுநாள், சனிக்கிழமை, போதகரின் புது உடுப்பை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். மேடைப் பலகைகளை எடுத்துச் சாய்த்துவிட்டு அவள் புருஷன் அடியிலிருந்த ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அடியில் கணுக்காலளவுதான் சேர்ந்திருந்தது. போதகர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, நீளம் பார்க்க மேல்படியில் நின்றார். தையலக்கா முழங்காலிட்டு ஓரத்தைப் பார்த்தாள்.

ஓரம் ஆடியது.

ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் துண்டோடு பக்கத்தில் நின்று அவள் பார்த்திருக்கிற ஆட்டம்தான். தண்ணீர் அலைக்கிறது என்று நினைத்திருந்தாள். இன்றைக்கு அவர் நின்ற படி காய்ந்து கிடந்தது. வாஷர் கனத்தையும் மீறி எது ஆட்டும்?

"பாஸ்டர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஓரம் ஏன் ஆடுது? ஃபேன்கூட ஓடலையே."

போதகர் குனிந்து பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்க. ஆடுறது துணி இல்லக்கா, காலு. எனக்குத் தண்ணின்னா பயம்."

பலகைக்குப் பின்னாலிருந்து பிளம்பரின் தலை எழும்பியது. "அடக் கடவுளே! அதான் 'இடுப்புக்கு மேல விடாதீங்க'ன்னு எப்பப் பாத்தாலும் சொல்வீங்களா? நான் தண்ணிச் சிக்கனம்னு ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பெருமை பேசிட்டுத் திரியறேன்!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தையலக்கா. பிறகு போதகரிடம், "அப்ப பயந்துகிட்டேதான் இத்தனை பேரை முக்கி எடுத்தீங்களா?"

"ஆமாக்கா."

"அப்ப விசுவாசம்?"

"எனக்கும் ரொம்ப நாள் அதே குடைச்சல்தான். சிலுவைக்கு முந்தி, தோட்டத்துல ஜெபிக்கையில ஆண்டவருக்கே வேர்த்துக் கொட்டிச்சே, அவருக்கு விசுவாசம் இல்லாமலா? பயத்தை மறைக்காம பரலோகத்து அப்பாகிட்ட சொன்னாரு. சொல்லிட்டு எழுந்து போனாரு. நானும் படியில நின்னு சொல்றேன், 'பயமா இருக்குப்பா, கூட வாங்க'ன்னு. பயம் போகுதோ இல்லையோ, காலு இறங்கிடுது."

தையலக்கா யோசித்தாள். 'பயத்தை எடுத்துப்போடும், அப்புறம் வரேன்' என்றுதான் இத்தனை காலமும் ஜெபித்திருக்கிறாள். 'கூட வாரும்' என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன ஆகும்?

"நாளைக்கு இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா பாஸ்டர்?"

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

உள்ளே ஸ்பேனர் விழுந்த சத்தம். "உனக்கா! இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேட்டாத்தானே!"

வீட்டில், பெட்டியின் அடியில் அவளுடைய ஞானஸ்நான உடுப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் தைத்தது. உடம்பு பெருக்கப் பெருக்கப் பிரித்துத் தைத்துக்கொண்டே வந்திருந்தாள். மடிப்புகள் மட்டும் மஞ்சளித்திருந்தன. மகள் அதை விரித்துப் பார்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் முங்கி எழுந்து, ஈரத் தலையோடு ஓரமாக நின்றாள். தையலக்கா மேல்படியில் கால் வைத்தாள். கீழே போதகர்.

"உங்க ஓரம் ஆடுது பாஸ்டர்" என்று முணுமுணுத்தாள்.

"உங்களோடதும்தான்."

கண்ணை மூடினாள். 'ஆண்டவரே, பயந்துகிட்டுத்தான் வரேன். கூட வாரும்.' வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. கால் இறங்கியது. அடுத்த காலும் இறங்கியது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமம் காதில் விழுந்தது. பிடரிக்கு ஒரு கை வந்தது.

அந்தக் கை அழுத்தவில்லை. அடியிலிருந்து தாங்கியது. ஒரே இடம்தான், அக்காவின் கை இருந்த அதே இடம். அதைக் கவனித்த ஆச்சரியத்தில், தண்ணீருக்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

எழுந்தபோது இருமல், தும்மல், மூக்கெல்லாம் எரிச்சல். பிளம்பர் துண்டை நீட்ட மறந்து அதிலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகள் எட்டிக் கையைப் பிடித்தாள். "எப்படிம்மா இருந்துச்சு? பயம் போச்சா?"

"எங்க போச்சு? உள்ளேயும் கூடவே வந்துச்சு." தையலக்கா முகத்தை வழித்துவிட்டாள். "ஆனா வந்தது அது மட்டும் இல்லடி. மேல ஏதோ பளபளன்னு வெளிச்சம்... என்னன்னு பாக்கறதுக்குள்ள தூக்கிட்டாரு." திரும்பிப் போதகரைப் பார்த்தாள். "பாஸ்டர், இன்னொரு தடவை முங்கலாமா?"

"ஒரே தடவைதான்க்கா" என்றார் போதகர், கைப்பிடிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி.