கிளட்சைத் தீய்த்தவன்

நாற்காலி மேஜை வாடகைக்கு விடுவதுதான் அவருடைய தொழில். ஆனால் தெருவில் யாரும் அவரை நாற்காலிக்காரர் என்று சொன்னதில்லை. ‘சர்வீஸ்’ என்றுதான் பெயர். வாசலில் நிற்கும் வெள்ளை பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து எப்போது பார்த்தாலும் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி ஒரு ஒர்க்‌ஷாப் வாசலையும் மிதித்ததில்லை. ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ மாற்றுவது, டயரை முன்பின்னாக மாற்றிப் போடுவது எல்லாம் அவர் கைதான். “மெக்கானிக்கிட்ட குடுத்தா ஒண்ண சரி பண்ணி ரெண்ட கெடுத்து அனுப்புவான்” என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். தற்பெருமை இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் மனைவியின் தம்பி வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அவனுக்குக் கனரக வண்டி லைசென்ஸ் இருந்தது. பார்சல் கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். அந்தக் கம்பெனி மேனேஜர் கூட்டம் கீட்டம் என்றால் நாற்காலி எடுப்பது நம் சர்வீஸிடம்தான்.

“உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே, அவனுக்காக ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்று மனைவி நச்சரித்தாள். “அந்த வேலைய நம்பித்தான் அவன் நாள ஓட்டிக்கிட்டு இருக்கான்.”

“சொல்றேன், சொல்றேன். அதுக்கு ஒரு நேரம் வர வேணாமா?” என்றார் இவர். நேரம் வந்தது. வந்த விதம்தான் சரியில்லை.

மச்சினன் வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு சின்ன வீட்டுக்குக் குடி மாறினான். சாமான் ஏற்ற வண்டி கேட்டான். வண்டியை இவர் யாருக்கும் தருவதில்லை. மனைவி முகத்துக்காகத் தந்தார். காலையில் எடுத்துப் போனவன், வெயில் ஏறியபின் திரும்பி வந்தான். பின்னால் மச்சினன் பெண்டாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். வண்டி நிற்பதற்கு முன்பே அந்த வாசனை வந்துவிட்டது. கிளட்ச் தீய்ந்த வாசனை.

“என்னடா பண்ணித் தொலைச்ச?”

“ஏத்தத்துல இழுக்கவே இல்ல மாமா. கறுப்புக் கறுப்பா புகை தள்ளிச்சு. கால எடுத்தா வண்டி பின்னால வருது. காலைல எடுக்கும்போதே ஒரு மாதிரிதான் இருந்துச்சு...”

“ஒரு மாதிரி இருந்துச்சா? நேத்துத்தான் நான் சர்வீஸ் பண்ணேன். என் கையால! என் வண்டி இழுக்கலையா? எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லு. கிளட்ச் மேலயே கால வச்சுக்கிட்டு ஏறியிருக்க. அது என்ன, கால் நீட்டிப் படுக்கறதுக்குத் திண்டா?”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இவருக்குக் கேட்கிறவர்கள் கூடக்கூடத் தொண்டையும் கூடும். லைசென்ஸை யார் கொடுத்தது, கண்ணை மூடிக்கொண்டா கொடுத்தார்கள், இவனை நம்பி மாட்டு வண்டியைக்கூடக் கொடுக்கலாமா என்று தெருவே கேட்கக் கேட்கப் பேசினார். மச்சினன் பெண்டாட்டி பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றாள். மச்சினன் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு, “மன்னிச்சுருங்க மாமா” என்று சொல்லிவிட்டு நடந்தான். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் அது குடும்பச் சண்டை. சர்வீஸ் விடவில்லை. அடுத்த வாரம் பார்சல் கம்பெனிக்கு நாற்காலி இறக்கப் போனார். சமதரையில் வண்டி நொண்டி நொண்டிப் போனது. வழியெல்லாம் அவருக்கு வயிறெரிந்தது. மேனேஜர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனிதர் வெயிலைப் பற்றித்தான் ஏதோ சொன்னார்.

“எங்க மச்சினன் ஒருத்தன் இங்க டிரைவர் வேலைக்குக் கேட்டிருக்கான்” என்று இவர் ஆரம்பித்தார். “எனக்காகன்னு எடுத்துடாதீங்க. அவன்கிட்ட வண்டியக் குடுத்து நான் பட்டது போதும்.”

மேனேஜர் தலையாட்டிக்கொண்டார். சொந்தக்காரன் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னோம் என்று இவருக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு. அதை நினைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தார். வீட்டில் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

வேலை வேறு ஒருவனுக்குப் போனது. மச்சினன் ஒரு சிமெண்டுக் கடையில் மூட்டை தூக்கப் போனான் என்று மனைவி சொல்லி மூக்கைச் சிந்தினாள். “பாவம்” என்றார் இவர்.

வண்டி மட்டும் சரியாகவில்லை. கிளட்ச் தீய்ந்திருந்தால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. இங்கே என்ஜினே உறுமத் திணறியது. கால் வைத்தால் கறுப்புப் புகை. டீசல் ஃபில்டரை மாற்றினார். டேங்கைக் காலி செய்து தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். டீசல் குழாயில் காற்று நின்றிருக்கும் என்று பம்பை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கியது. சைலென்ஸரைக் கழற்றித் தட்டினார். ஒன்றும் பயனில்லை. ஒவ்வொரு தடவை அடியிலிருந்து வெளியே வரும்போதும், “பாவி, என்னத்தத்தான் பண்ணி வச்சான்னு தெரியல” என்று மச்சினனுக்கு ஒரு அர்ச்சனை. காற்று ஃபில்டர் பெட்டியை மட்டும் அவர் தொடவே இல்லை. அதைத்தான் வண்டியைக் கொடுத்ததற்கு முந்தின நாள் தானே சுத்தம் செய்தாயிற்றே. தன் கை பட்ட இடத்தில் கோளாறு இருக்கும் என்று அவர் புத்திக்கு எட்டவில்லை.

கடைசியில் எல்லாம் பார்த்து முடித்து, பார்க்க வேறு இடமில்லாமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டினார். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. ‘அதான் தெரியுமே’ என்று மூடப் போனவர், ஒப்புக்கு டார்ச்சை அடித்துக் குழாய்க்குள் பார்த்தார். வளைவில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. விரலை விட்டு இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது.

அவருடைய பழைய பனியன்.

ஃபில்டரைக் கழற்றும்போது குழாய் வாயில் துணி அடைப்பது அவர் வழக்கம். ஒரு தூசி என்ஜினுக்குள் போய்விடக் கூடாதாம். எந்த மெக்கானிக் இவ்வளவு பார்ப்பான் என்று அதற்கும் ஒரு பெருமை. அன்றைக்கு அடைத்துவிட்டு ஃபில்டரை ஊதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஒரு திருமண மண்டபத்துக்காரர் நாற்காலி உடைந்திருந்தது என்று சண்டைக்கு வந்தார். ஒரு கையில் போனைப் பிடித்து அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டே இன்னொரு கையால் ஃபில்டரை வைத்துக் கிளிப்பைப் போட்டது இப்போது ஞாபகம் வந்தது. என்ஜின் மூச்சு விட முடியாமல் பனியனை உள்ளே உள்ளே இழுத்திருக்கிறது. அந்த வண்டியில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு ஒருவன் ஏற்றம் ஏறியிருக்கிறான். அது பின்னால் உருளாமல் இருக்க கிளட்சைத் தீய்க்காமல் என்ன செய்வான்? பெண்டாட்டி பிள்ளையோடு உருண்டு போகாமல் கொண்டுவந்து சேர்த்ததே பெரிது.

அவர் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். காது இரண்டும் எரிந்தன. முதலில் தெருவைப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. பனியனைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். திணித்த பிறகுதான், பார்த்துவிடுவார்களோ என்றுதான் முதலில் நினைத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

சாவியைப் போட்டார். என்ஜின் முதல் திருப்பிலேயே கிளம்பிப் புகையில்லாமல் சுத்தமாக ஓடியது. சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

“சரியாயிடுச்சா! என்னங்க கோளாறு?”

“டீசல் ஃபில்டர்ல அடைப்பு.”

“அப்போ அவன்மேல தப்பு இல்லையா?”

இதுதான் இடம். ஒரே வார்த்தை போதும். அவர் வாயைத் திறந்தார். “அவனும் கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் ஓட்டியிருக்கான்” என்று வந்தது. வாய் கூசவில்லை. மனசுதான் கூசியது. கூசி என்ன புண்ணியம்?

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. உள்ளே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். “மாமா வண்டிய சரி பண்ணிட்டாரு. கோவமெல்லாம் போயிடுச்சு. நீ வா” என்று அவள் சந்தோஷமாகப் பேசுவது வாசல் வரைக்கும் கேட்டது. மன்னிக்கும் நாற்காலியில் தன்னை உட்கார்த்தி வைத்துவிட்டாளே என்று அவருக்கு உடம்பு குறுகியது.

சாயங்காலம் மச்சினன் வந்தான். மெலிந்திருந்தான். சட்டைத் தோளில் சிமெண்டுக் கறை போகாமல் இருந்தது. கையில் ஒரு அட்டைப்பெட்டி.

“என்ன மாப்ள இது?”

“கிளட்ச் பிளேட் செட்டு மாமா. இந்த வண்டிக்கு உள்ளதுதான், கேட்டு வாங்கினேன். நான் தீய்ச்சதுக்கு நானே மாத்திக் குடுக்கணும்ல. இத்தன நாள் கைக்குக் காசு வரல, அதான் லேட்டு.”

பெட்டியை அவர் கையில் வைத்தான். நல்ல கனம். மனைவி காபி எடுத்து வந்து, “பாருங்க, எம்புட்டுப் பொறுப்பு!” என்று தம்பியின் தலையைக் கோதினாள். இவர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். பைக்குள் கைவிட்டுப் பனியனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அழுக்கு ஏறி, ஒரு பக்கம் நார் நாராகக் கிழிந்திருந்தது.

“இது என்ன கண்றாவி?” என்றாள் மனைவி.

“காத்துக் குழாய்க்குள்ள இருந்துச்சு. நான்தான் அடைச்சேன். எடுக்க மறந்துட்டேன். டீசல் ஃபில்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன் மேல ஒரு தப்பும் இல்ல.”

மச்சினன்தான் முதலில் சிரித்தான். “மாமா, வண்டிக்குப் பனியன் மாட்டி விட்டிருக்கீங்க!” அக்காளும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். “ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ண சர்வீஸு!” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சினன் முகத்தில் இத்தனை நாள் கிடந்த பாரம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. தனக்கு ஓட்டத் தெரியும் என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

இங்கேயே நிறுத்திவிடலாம். அவர்கள் மன்னித்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் பனியன் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரிக்கலாம். மேனேஜர் எங்கேயோ இருக்கிறார். யாருக்குத் தெரியப் போகிறது? அவரும் பல்லைக் காட்டத்தான் பார்த்தார். முடியவில்லை.

“இன்னொண்ணு இருக்கு மாப்ள.”

“சொல்லுங்க மாமா.” இன்னும் சிரிப்பு அடங்கவில்லை அவனுக்கு.

“அந்தப் பார்சல் கம்பெனி மேனேஜர்கிட்ட நான் பேசினேன். உன்னப் பத்தி. வேலைக்கு எடுத்துடாதீங்கன்னு சொன்னேன்.”

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். மச்சினன் முகத்தில் சிரிப்பு போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் அப்படியே இருந்தது. அவனைவிட அக்காளைத்தான் பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இவரிடம் கெஞ்சியவள் அவள்.

“அவரு கேட்டாரா மாமா? கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க, பொய்யா சொல்ல முடியும்?” என்றான் மச்சினன் மெதுவாக. அவரைத் தப்பிக்க வைக்க அவனே ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“அவரு கேக்கல. நானாத்தான் சொன்னேன்.”

அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். “கெளம்பு மாப்ள. அந்த மேனேஜர் வீடு எனக்குத் தெரியும். இப்பவே போவோம். நடந்தத உன் முன்னாலயே சொல்றேன். நீயே வண்டிய ஓட்டு, அவரு பாக்கட்டும்.”

மச்சினன் எழுந்தான். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. அட்டைப்பெட்டியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான்.

“நீங்க மட்டும் போயிட்டு வாங்க மாமா” என்றான். குரலில் கோபம் இல்லை. “நீங்க அவருகிட்ட அதச் சொல்லும்போது பக்கத்துல நிக்க எனக்கு வெக்கமா இருக்கும்.”