பாறையில் ஒன்பது குழிகள்

எழுபத்தொன்றாம் வருஷம் மாரிகுப்பம் ஓடைக்குக் கரை கட்ட உத்தரவு வந்தது. முந்தைய ஐப்பசியில் வெள்ளம் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் புகுந்து அரிசி, பாய், தலையணை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே தங்கம்மாவுக்கும் கரை வேண்டும்தான். ஆனால் ஓடையோரம் அவள் துணி துவைக்கும் பாறையும் வேண்டும். கரை அதன் மேலேயே வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மண் கொட்டுவதற்கு முன், பழங்காலச் சின்னம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க பெங்களூரிலிருந்து துளசிராமன் என்ற அதிகாரி வந்தார். இருந்தால் கரையை வளைத்துக் கட்டுவார்களாம். இரண்டு நாள் அலைந்தும் அவருக்கு உடைந்த ஓடுதான் மிச்சம். மூன்றாம் நாள் தங்கம்மாவின் பாறையில் ஒன்பது குழிகளைக் கண்டதும் மனிதர் வெயிலை மறந்து மண்டியிட்டுவிட்டார். நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு.

"ரொம்பப் பழசும்மா. நவக்கிரகத்தக் குறிச்சிருக்காங்க."

தங்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கிரகமாவது ஒன்றாவது. கல்யாணமான புதிதில், "கீழ இன்னாதான் வேல செய்றீங்க?" என்று கேட்டுவைத்தாள். சுரங்கத்தில் துளை போடும் அவள் புருஷன் கோவிந்தனுக்கு வாயால் விளக்க வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உளியும் சுத்தியலுமாக இங்கே உட்கார்ந்து, வெடி வைக்கும் துளைகளை அப்படியே கொத்திக் காட்டினான். அவள் விரலைப் பிடித்து, எது முதலில் வெடிக்கும், எது பிறகு என்று ஒவ்வொரு குழியிலும் வைத்துக் காட்டினான். அதைப் போல் ஒரு நாள் அவளுக்குப் பிறகு வாய்க்கவேயில்லை. ஆறே வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு போட்டோகூடக் கிடையாது.

வாயை மூடிக்கொண்டால் பாறை தப்பிக்கும். மூடிக்கொண்டாள்.

துளசிராமன் எழுதியதை உற்சாகமாக வாசித்தும் காட்டினார். "ஒன்பது குழிகள். மிகப் பழமையானவை. செதுக்கியவர் யாரென்று தெரியவில்லை."

அந்தக் கடைசி வரியை அவளால் பொறுக்க முடியவில்லை. புருஷன் பேரை அதுவரை வாய்விட்டுச் சொல்லாதவள் சொன்னாள்.

"தெரியும் சார். கோவிந்தன். எங்க வூட்டுக்காரரு. இருவது வருஷம் ஆவுது. கிரகமில்ல சார், வெடி வைக்கிற துளை."

அதிகாரி எழுதியதை அடித்தார்.

"இனிமே இத நான் காப்பாத்த முடியாதும்மா. நீங்க பேசாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் சார். கல்லு நின்னுருக்கும். அவரு யாரோ ஆயிருப்பாரு."