குண்டாறு அணைந்துவிட்டதா?

...செத்துவிட்டது என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'ஒய்' என்று ஒற்றை எழுத்து, பிறகு ஓர் என்டர், மற்றதை வைகை பார்த்துக்கொள்ளும், ஆனால் செத்துவிட்டதா என்ன, யார் போய்ப் பார்த்தார்கள்... கேள்வியைக் கேட்டுவிட்டுக் கறுப்புத் திரையில் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ரூபினா இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், இந்தக் கைகளை நம்ப முடியாது, அவசரத்தில் அவை தாமாகவே அடித்துவிடும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடம், இரண்டு சர்வர். இங்கே ஒத்தக்கடைப் புதுக் கட்டடத்தில் இருப்பது வைகை, டவுனுக்குள் பழைய கட்டடத்தில் இருப்பது குண்டாறு, பெயர் வைத்தவளே இவள்தான். ஒன்று விழுந்தால் மற்றது வேலையைத் தாங்க வேண்டும், அதற்குத்தான் ஜோடி. காலையிலிருந்து குண்டாற்றிடமிருந்து பதில் இல்லை. இங்கிருந்தே அதன் கரன்ட்டை நிறுத்தும் கட்டளையும் போய்ச் சேரவில்லை. நிலவரம் கேட்டு 'பிசிஎஸ் ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் 'அன்கிளீன்' என்கிறது, அழுக்கு என்று அர்த்தமில்லை, உயிரோடு இருக்கிறதா இல்லையா தெரியவில்லை என்று அர்த்தம். அது தெரியாதவரை வைகை ஓரடி எடுத்து வைக்காது, அழுத்தக்காரி, பெயர் வைத்தவளைப் போலத்தானே இருக்கும்.

முதுகுக்குப் பின்னால் மேனேஜர் வெங்கடேஷ்பாபு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். "கன்ஃபர்ம் குடுத்துரும்மா, கீழ லேப்ல சனம் கத்துது, ஒரு ரிப்போர்ட்டும் தெறக்கல, ஆபரேசனுக்கு ஒருத்தரப் படுக்கப் போட்டுட்டு பிளட் ரிசல்ட்டுக்கு நிக்கிறாக." நிற்கட்டும் என்று சொல்லிவிட முடியுமா, சொல்லவும் வாய் வருமா. "அவருக்கு மட்டும் இன்னொருக்கா ரத்தம் எடுத்து, கையால எழுதி வாங்கச் சொல்லுங்க சார். அது உசுரோட இருந்து நான் செத்துருச்சுன்னு சொல்லிட்டா ரெண்டும் தனித்தனியா எழுத ஆரம்பிச்சிரும். ஒரே நம்பர்ல இங்க ஒரு ஆளு, அங்க ஒரு ஆளு. யாரு ரத்தம் யாருக்குப் போகும்?" அவர் லேபைக் கூப்பிடப் போனை எடுத்தார். பதறாத காரியம் சிதறாது, சொல்வது சுலபம். பதில் இல்லை என்பதும் ஆள் இல்லை என்பதும் ஒன்றா... வீட்டில் ஒன்றுதான். அக்கா ஹஃபீஸா கூட வேலை பார்த்த மலைச்சாமியை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்ட அன்று அத்தா சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து சொன்னார், "இனி எனக்கு மூத்த மக இல்ல." அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். அதோடு முடிந்தது, கரன்ட்டைப் பிடுங்கிய மாதிரி. போன மாதம் ஒரு கல்யாண வலிமா விருந்தில் பக்கத்து இலைக்காரம்மா கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது இவள் என்ன சொன்னாள், "நானும் தம்பி அசீமும்தான்", எவ்வளவு சுலபமாக வந்தது, ஒற்றை எழுத்து அடிப்பதைப் போல. அக்கா, அவளும்தான் ஒரு போன் போட்டாளா, பெருநாளைக்காவது... சரி, அது இப்போது எதற்கு, திரையைப் பார், திரையை.

போன் அடித்தது, பழைய கட்டடத்து எலக்ட்ரீசியன் அருண்பாண்டி. இவள்தான் அவரை சர்வர் அறைக்கு அனுப்பியிருந்தாள், நேரில் நின்று குண்டாற்றின் கரன்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம்தான் கன்ஃபர்ம் என்று. "புடுங்கிட்டேன் மேடம், சோலி முடிஞ்சிருச்சு." பின்னாலிருந்து வெங்கடேஷ்பாபு, "அடிம்மா, அடி" என்றார். விரல் அந்த எழுத்தின் மேல் போய்க்கூட உட்கார்ந்துவிட்டது. "அண்ணே, சர்வர் முன்னால லைட்டு எதுவும் எரியுதா?" செருப்புச் சத்தம் முன்பக்கம் போனது. "பச்சையா ஒண்ணு எரியுதே மேடம்." அதற்கு இரண்டு ஒயர் அல்லவா, ஒன்று போனாலும் மற்றதில் ஓடட்டும் என்று கேட்டு வாங்கியதும் இவள்தானே, சொல்ல மறந்ததும் இவள்தான். "இன்னொண்ணத் தொட்டுராதீங்க, புடுங்குனதையும் மாட்டுங்க! அங்க லேப்ல ரிப்போர்ட் வருதா?" "அதுபாட்டுக்கு வருதே, காலையிலருந்து பிரிண்ட் அடிச்சு அடிச்சுக் குடுத்துக்கிட்டுதான இருக்காக." உயிரோடுதான் இருந்திருக்கிறது. யாரும் கூப்பிடவில்லையே என்று ஓய்ந்துவிடாமல் தன் பக்கத்து நோயாளிகளுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டு... ரூபினாவுக்குக் கண் கலங்கிவிட்டது, பாழாய்ப்போன இரும்புப் பெட்டிக்காகவா அழுவது. அப்படியானால் செத்தது சர்வர் இல்லை, இரண்டு கட்டடத்துக்கும் நடுவிலுள்ள லைன். "பக்கத்துச் செவுத்துல சின்னதா லைன் பெட்டி ஒண்ணு இருக்கும், அதப் பாருங்கண்ணே." "அது பிளக்கு கீழ கெடக்கு மேடம். அந்த எடத்துல டேபிள் ஃபேன் மாட்டியிருக்கு." யார் மாட்டியது? "நாந்தான்... ஏசி ரிப்பேரு பாக்கையில ஒரே புழுக்கம், சும்மா கெடந்த பெட்டிதானன்னு..." திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அவர் போட்ட காற்றில்தான் இம்புட்டுக் கூத்தும்.

பிளக்கை மாட்டியதும் திரையில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன, வைகை ஆன்லைன், குண்டாறு ஆன்லைன். வெங்கடேஷ்பாபு லேபைப் பார்க்க ஓடினார். இனி டீ குடிக்கலாம், குடிக்கத் தோன்றவில்லை. அக்கா பக்கம் விளக்கு எரிகிறதா என்று வீட்டில் யார் போய்ப் பார்த்தார்கள்... அத்தா பார்க்கமாட்டார், அம்மாவால் முடியாது, சரி, இவள் பார்ப்பாள், இன்றைக்கே, இப்போதே. செல்போனில் ஹஃபீஸாவின் பெயரைத் தேடி எடுத்தாள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி, இந்த எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். நானா? எப்போது... அந்தக் கல்யாணத்தன்று ராத்திரி, அத்தா பக்கத்து அறையில் விம்மிக்கொண்டிருக்க அக்கா அழைப்புமேல் அழைப்பாக அடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் அவர் காதில் விழக்கூடாது என்று அப்போதைக்கு ஒரு அழுத்து, காலையில் தடையை எடுத்துவிடலாம் என்றுதானே... அவளும் ஒரு போன் போட்டாளா, அவளும் ஒரு போன் போட்டாளா என்று ஒவ்வொரு பெருநாளும். தடையை நீக்கவா என்று போன் கேட்டது. இந்த முறை கைகளை மடியில் வைத்துக்கொள்ளவில்லை, அழுத்தினாள். திரையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, அந்தச் சின்ன வரி மட்டும் போயிருந்தது, இத்தனை நாளில் அக்கா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள் என்பது மட்டும் எங்கும் தெரியவில்லை, அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்...