நேர்ச்சை ரொட்டி

ரொட்டியில் கத்தியை வைத்தபோது உள்ளறையில் பேசிலின் மூச்சு நின்றது. சாந்தமேரி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். புருஷனின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. அப்புறந்தான் அவளுக்கும் மூச்சு வந்தது.

அன்று அந்தோணியார் திருநாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் தண்டவாளக் கூலிகளின் பெண்டு பிள்ளைகள் ரொட்டிக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிச் செத்த பிள்ளையைத் திருப்பித் தந்தால், எடைக்கு எடை ஏழைகளுக்குக் கோதுமை தருவதாக முன்னொரு காலத்தில் ஒரு தாய் அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டாளாம். பிள்ளை எழுந்து உட்கார்ந்ததாம். போன மாதம் மகள் பாக்கியம் காய்ச்சலில் கிடந்தபோது சாந்தமேரியும் அப்படித்தான், மகளின் எடைக்கு ரொட்டி தருவதாக நேர்ந்துகொண்டாள். மகள் பிழைத்தாள். பார்சல் ஆபீசில் வேலை பார்த்த பேசில், மூட்டை நிறுக்கும் தராசில் அவளை ஏற்றி, "இருபத்தெட்டு பவுண்டு!" என்று சிரித்தான். நாலாம் நாள் அதே காய்ச்சல் அவனைப் படுக்கையில் தள்ளியது.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கதையில் வரும் தாய் கோதுமையோடு நிறுத்திக்கொண்டாள். சாந்தமேரியோ பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்: "ரொட்டி போதாதுன்னா இந்த வீட்டுல வேற எது வேணும்னாலும் எடுத்துக்கங்க சாமி. புள்ளைய மட்டும் விட்டுருங்க."

இதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. ரொட்டி தீராதவரை நேர்ச்சை முடியாது, முடியாதவரை சாமி தன் புருஷனைத் தொடமாட்டார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அதனால்தான் விடிந்ததிலிருந்து ஆமை வேகத்தில் அறுத்துக்கொண்டிருந்தாள்.

பேசில் கண்ணைத் திறந்தான். "குடுத்தாச்சா?"

"குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"சனங்களக் காக்க வைக்காத மேரி. நம்ம புள்ள உசுரு."

"என்னங்க, நான் ஒண்ணு..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறீங்களா?"

எதிர்வீட்டு இராஜம்மா எட்டிப் பார்த்தாள். "நீ அண்ணன்கிட்டயே இரு மேரி. நான் குடுத்துடுறேன்." வேண்டாம் என்று சொல்ல சாந்தமேரிக்குக் காரணம் கிடைக்கவில்லை. இராஜம்மா சுறுசுறுப்புக்காரி. அரைமணி நேரத்தில் கூடை காலியானது.

மத்தியான மணி அடிக்கும் முன்பே பேசில் போய்விட்டான்.

உடலைக் குளிப்பாட்டி வெள்ளை உடுத்திக் கிடத்தினார்கள். சவப்பெட்டிக்குச் சொல்ல ஆபீஸ் சிநேகிதன் ஜெயராஜ் போயிருந்தான். அடுப்பு மூட்டாத வீடு. பாக்கியத்தின் பசி யாருக்கும் நினைவில்லை. கூடைக்கு அடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து அவள் மென்றுகொண்டிருந்தாள்.

யாருக்காக நேர்ந்ததோ அந்தப் பிள்ளை அதைத் தின்னக்கூடாது; தின்றால் நேர்ச்சை முறிந்துவிடும். சாந்தமேரி பாய்ந்து மகளின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு எல்லாவற்றையும் தோண்டி எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிள்ளை வீறிட்டது.

"முழுங்கிட்டியாடி? சொல்லு, முழுங்கிட்டியா?"

பாக்கியம் இன்னும் ஓங்கி அழுதாள். அதற்குள் துக்கத்துக்கு வந்த பெண்கள் சாந்தமேரியைச் சூழ்ந்துகொண்டு, கைகளைப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவளுடைய வலது கையை மட்டும் யாராலும் விரிக்க முடியவில்லை.