சின்ன எழுத்துச் சுரங்கள்

பத்து விரல்தானே இருக்கிறது எனக்கு. அறுபது பேர் ஊதியும் உரசியும் அடித்தும் எழுப்புகிற சத்தத்தை இதற்குள் எப்படி அடைப்பது? எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடலாம் என்று தெரிந்தவள் என்பதால்தான் என்னைத் தேடி வருகிறார்கள். நாற்பது வருடமாக விட்டு விட்டே பேர் வாங்கியிருக்கிறேன்.

இப்படி நினைத்துக்கொண்டே தோரா டன்ஸ்டன் பென்சிலைச் சீவினாள். ஹோபார்ட்டில் ஜூலை மாதம், அங்கே நடுக்குளிர்காலம். ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பார்த்து மூன்று நாளாயிற்று. மேகம் அவள் குடியிருக்கும் சாண்டி பே பகுதியின் வீட்டுக் கூரைகள் வரை இறங்கி வந்து, எழுந்து போக மனமில்லாத விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது. விறகடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை.

பியானோவின் மேல் விரித்துக் கிடந்தது அவள் அண்ணன் லைல் எழுதிய கன்செர்ட்டோ. இருபத்தெட்டு வயதில் லண்டனில் இருந்தபோது எழுதியது. ஓபோ என்கிற மரக்குழல் முன்னால் நிற்க, பின்னால் முழு வாத்தியக்குழு. இரண்டே தடவை வாசிக்கப்பட்டு அலமாரிக்குள் போன சங்கதி. இந்த ஊர்க் குழுவில், வயலினைவிடக் கனத்த குரலுள்ள வயோலாவை வாசிக்கும் பெட்ரா என்ற பெண் அதை எங்கிருந்தோ கிளறி எடுத்துவிட்டாள். வயோலாவுக்கென்று எழுதியிருப்பதே கொஞ்சம், இதை எனக்கு மாற்றிக் கொடுங்கள், வாத்தியக்குழுவுக்குப் பதிலாக ஒரு பியானோ போதும் என்றாள்.

"மனுஷங்க வாசிக்கிற மாதிரி எழுதுங்க தோரா. போன தடவை ஒருத்தர் எழுதிக் கொடுத்த பியானோவுக்கு மூணு கை தேவைப்பட்டுது" என்று போனிலேயே சிரித்தாள்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இனி இந்தக் கன்செர்ட்டோவை யார் எங்கே வாசித்தாலும் தோரா எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிப்பார்கள்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பியானோக்காரரின் கைக்கு அடங்காத, ஆனால் முழுதாகத் தூக்கி எறியவும் மனம் வராத சுரங்களைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். முடிந்தால் வாசி, முடியாவிட்டால் விடு என்று அர்த்தம். யாரும் வாசிப்பதில்லை. தோராவே வாசித்ததில்லை. எத்தனையோ பேர் உயிரைக் கொடுத்து எழுதிய சுரங்களைச் சின்னதாக இருக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காகத் தாண்டிப் போயிருக்கிறாள். அதற்காக ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பகுதிக்கு வந்தாள். மெதுவான பகுதி அது. ஓபோ உச்சத்தில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க, வயலின்கள் அதைச் சுற்றி நடுங்கிக்கொண்டிருந்தன. வயோலாவுக்கு அந்த உயரம் ஒத்துவராது. தனி வாத்தியத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினாள். இறக்கியதும், மேலே நடுங்குகிற வயலின்கள் அதை அமுக்கிவிடும் என்று தெரிந்தது. போதாததற்கு, அந்த நடுக்கம் பியானோவில் பல் கிட்டித்துக்கொள்கிற மாதிரிதான் கேட்கும். அழித்தாள். பதினாறு தாளக் கட்டங்களுக்கு முழுதாக அழித்தாள். அடியில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஹார்ன் என்கிற பித்தளைக் குழல்களில் இரண்டாவதற்கு எழுதியிருந்த வரியை இடது கையால் தடவினாள்.

கண் அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் விரல் போய்விட்டது.

கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள், சுட்டது போல. பிறகு திரும்ப வைத்தாள். நான்காவது விரல், இரண்டாவது, கட்டைவிரலை அடியில் நுழைத்துத் திரும்ப ஐந்தாவது. அவள் பத்தொன்பது வயதில் கண்டுபிடித்த விரல் வரிசை.

அப்பா இறந்த வருடம் அது. லைல் கப்பலேறிக்கொண்டிருந்தான். அம்மாவுடன் யாராவது இருக்கவேண்டும். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, தோராவும் கேட்கவில்லை. தான் எழுதிய ஒரே உருப்படியான மெட்டைப் பிரதி எடுத்து, அண்ணனின் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்தாள். அவசரத்தில் பதினோராம் கட்டத்தில் ஒரு சுரத்தை அரைப்படி ஏற்றுகிற குறியைப் போட மறந்துபோனாள். கப்பல் போன பிறகுதான் அது ஞாபகம் வந்தது. கடிதத்தில் எழுதினாள். பதில் வந்தது, லண்டன் குளிரைப் பற்றி.

பதினோராம் கட்டத்தைப் பார்த்தாள். அந்தச் சுரம் ஏறாமலே நின்றது. அவள் செய்த பிழையோடு அப்படியே.

அந்தக் கன்செர்ட்டோ ரேடியோவில் வந்த அன்று அவள் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டாள். வயலின்கள்தான் காதில் விழுந்தன. அடியில் தன் மெட்டு போய்க்கொண்டிருந்தது தெரியாமல், அண்ணன் பெரிய ஆளாகிவிட்டான் என்று அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்ததும் வருமே, அந்த மாதிரி ஒரு குளிர்தான் வந்தது.

வியாழக்கிழமை வழக்கம்போல லைல் வந்தான். கையில் பேக்கரிப் பொட்டலம், மசாலாச் சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'ஸ்கேலப் பை' என்கிற பண்டம் இரண்டு. எழுபத்து நான்கு வயது. இலையுதிர்காலத்தில் இருந்த உடம்பில் பாதிதான் இருந்தது.

"உன் வீடு பிணவறை மாதிரி சில்லுனு இருக்கு தோரா. என்னை இப்பவே பழக்கிவிடறியா?"

"ஈர விறகு. உன்னைத்தான் நல்லதா வாங்கிட்டு வரச் சொன்னேன்."

"நான் கலைஞன். விறகெல்லாம் எனக்குத் தெரியாது."

"பை மட்டும் தெரியும்."

சிரித்துக்கொண்டே வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் பியானோ அருகே போய் நின்றான். தோரா தேநீர் ஊற்றினாள். தாள் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில் நின்றான் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"இது என்ன, இடது கைல?"

"இரண்டாம் ஹார்ன்."

"அது தெரியுது. ஏன் இவ்வளவு பெரிசா?"

"மேல இருந்ததை எடுத்துட்டேன். பியானோல வராது. எடுத்தா இதுதான் மிஞ்சுது."

லைல் கோப்பையை வாங்கினான்.

"இது பின்னணி தோரா. நிறத்துக்காகப் போட்டது. இவ்வளவு வெட்டவெளியா இருந்தா ஜனங்க இதையே கேப்பாங்க, வயோலாவை யார் கேப்பா? சின்ன எழுத்துல போட்டுடு."

"சின்னதாப் போட்டா யாரும் வாசிக்கமாட்டாங்க."

"வாசிக்காட்டி என்ன இப்ப?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்தபடி இருந்தான். அவன் சொன்னது சங்கீதத்துக்கு நியாயமான பேச்சுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பாள். யாருக்கும் தலையாட்டிப் பழகிய தலை.

"அந்தப் பதினோராம் கட்டம்" என்றான் லைல். "அந்தச் சுரம் ஏறும்னு எல்லாரும் காத்திருப்பாங்க, ஏறாது. அந்த ஒண்ணுக்காகத்தான் அப்ப லண்டன் பேப்பர்ல ஒரு விமர்சகர், தாளைப் படிச்சுப் பாத்துட்டு, என்னைப் புகழ்ந்தார். என் வாழ்க்கையிலேயே நான் செஞ்ச நல்ல காரியம் அந்த ஒரு சுரம்தான்னு நெனச்சிட்டிருக்கேன்."

தோரா அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகமாக இல்லை. இத்தனை வருடத்தில் தானே எழுதியது என்று நம்பவும் ஆரம்பித்திருப்பான். அவள் கடிதத்தை அவன் முழுதாகப் படித்திருக்கவே மாட்டான்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள்.

"வசந்தம் பாப்பியாம். கோடை சந்தேகமாம்." கோப்பையைக் கீழே வைத்தான். "கேளு தோரா. பெட்ரா வாசிக்கிறப்போ நான் முதல் வரிசைல உக்காந்திருப்பேன். நீ பியானோல இருப்பே. அது அப்படிப் பச்சையா உன் கையிலேருந்து வர்றதை நான்..." அப்படியானால் அது யார் மெட்டு என்று அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. நம்பிக்கையும் தெரிதலும் அவனுக்குள் அக்கம்பக்கமாகக் குடியிருந்திருக்கின்றன, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாமல். "நான் போனப்புறம் பெரிசாப் போட்டுக்கோ. இன்னொரு பதிப்பு போடட்டும். இப்ப மட்டும் சின்னதா. உன்னை நான் என்ன கேட்டிருக்கேன் இதுவரைக்கும்?"

எதுவும் கேட்டதில்லை. உண்மைதான். அம்மாவுடன் இரு என்றுகூட அவன் கேட்டதில்லை.

இன்னொரு பதிப்பு வராது என்று இருவருக்கும் தெரியும். வயோலா வாசிக்கிறவர்கள் அத்தனை பேர் இல்லை. செத்துக்கொண்டிருக்கிறவன் கேட்கிறான், ரப்பரை எடுத்தால் ஐந்து நிமிட வேலை. அவள் கை ரப்பரின் பக்கம் போகவும் போயிற்று. போன கையை அவளே வேறொருவருடையதைப் போலப் பார்த்தாள்.

பியானோவின் முன் உட்கார்ந்தாள். இங்க் பேனாவைத் திறந்தாள். முதல் கட்டத்திலிருந்து பென்சில் சுரங்களின் மேல் மை ஏற்றத் தொடங்கினாள், முழு அளவில், தலையும் காம்பும் தெளிவாக. பதினோராம் கட்டம் வந்தது. விட்டுப்போன குறியை இப்போது போடலாம். போடவில்லை. தப்பும் அவளுடையதுதான்.

"தோரா."

"பை ஆறுது, சாப்பிடு."

"சின்னதாப் போடுவேதானே?"

"இல்ல லைல்" என்றாள், தலை நிமிராமல். பன்னிரண்டாம் கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினாள்.